மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்கள்

அண்மையில் யாழ்ப்பாணத்தில் நடந்த திருமணமொன்றில், மணமக்களை ஏற்றிச் செல்வதற்காகப் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றை அலங்கரித்து நிறுத்தியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பையன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தக் கார் மண்ணெண்ணெயில ஓடினதாமே, உண்மையோ?" என்று கேட்டான். உண்மைதான் என்றேன். "எப்படி?" என்ற அடுத்த கேள்விக்கு அந்தச் சந்தடியில் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விட்ட பதிலே இக்கட்டுரை.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் யாவும் தடைப் பட்டியலில் இடம்பெற்றன. மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டுடன் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு விளக்காகவும், தோட்டத்துக்கு நீரிறைக்கும் எரிபொருளாகவும் இருந்த அந்த எண்ணெயே வீதிக்கும் வந்தது.

புதிய ரக யப்பானியக் கார்கள் கொட்டில்களுக்குள் முடங்க, 1940களிலும் 50களிலும் இங்கிலாந்திலிருந்து வந்த ஏ40களும் மொறிஸ் மைனர்களும் வீதியில் ஓடின. இதற்குக் காரணம் உண்டு. ஏ40இன் 1200 சிசி எஞ்சின், உள்ளிழுத்த காற்றையும் எரிபொருளையும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகவே சுருக்குகிறது. பிற்காலக் கார்கள் அதைவிட இறுக்கமாகச் சுருக்குபவை. சுருக்கம் கூடினால், தரங்குறைந்த எரிபொருள் தானாக வெடித்து, எஞ்சினைச் சிதைத்துவிடும். மண்ணெண்ணெய் அத்தகைய எரிபொருள். மேலும், ஏ40இல் பற்றறி இல்லாவிட்டாலும் முன்புறத்தில் கைபிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினை இயக்கலாம்.

இன்னொரு காரணம் கார்களைப் பற்றியதல்ல, அவற்றைத் திருத்தியவர்களைப் பற்றியது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை புதிய கார் என்பது பலருக்குக் கனவு. உள்ள வண்டியை எப்படியாவது ஓடவைப்பது என்ற கலையை எமது கராச்சுகள் அந்தக் காலத்திலேயே கற்றுவிட்டன. 1990இன் தடை, முப்பது ஆண்டுப் பயிற்சி பெற்றிருந்த கைகளையே சந்தித்தது.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவதற்கு அதற்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். பெற்றோலோ உறைநிலைக்கு 40 பாகை கீழேயே அந்த ஆவியைத் தந்துவிடும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் இயங்கத் தொடங்காது. சாரதிகள் சிறு பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோலைப் பத்திரப்படுத்தி, சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். தங்கத்துக்கு நிகராக அந்தப் போத்தலைப் பேணினார்கள்.

இந்த முறை உலகுக்குப் புதிதன்று. 1917இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரமே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியது. பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் இதற்கென ஒரு வகை இருந்தது. ஆனால் அவை அந்த எரிபொருளுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எமது ஏ40கள் அப்படியல்ல. அந்த வித்தியாசத்தின் விலையைக் கராச்சுகள் நாளாந்தம் கண்டன.

கோண்டாவில் பக்கத்தில் ஒரு கராச்சுக்கு அக்காலத்தில் அடிக்கடி போவேன். அங்கிருந்த மூத்த திருத்துநரிடம் அளக்கும் கருவிகள் எதுவும் இல்லை. காது, மூக்கு, விரல் ஆகிய மூன்றுமே அவருடைய கருவிகள். பாரம் இழுக்கும்போது எஞ்சினுக்குள் உலோகம் தட்டுவது போன்ற ஓசை கேட்டால், தீப்பொறி சற்றுப் பிந்தி விழும்படி திருப்பி வைப்பார். இழுவை குறையும், எஞ்சின் பிழைக்கும். வண்டி விக்கி விக்கி ஓடினால் பிளக்குகளைக் கழற்றுவார். கரி படிந்து அட்டைக் கறுப்பாக இருக்கும். புதிய பிளக்குக்கு வழியில்லை. அரத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து திரும்பவும் பூட்டுவார்.

ஒருநாள் அயலவர் ஒருவரின் காரோடு அங்கே போயிருந்தேன். ஒயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்த நான், "ஒயில் நிறைய இருக்குது, குறையவே இல்லை" என்றேன். அவர் கம்பியை வாங்கி முகர்ந்தார். ஒரு துளியை இரு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார்.

"தம்பி, ஒயில் கூடியிருக்கெண்டு சந்தோசப்படாதையுங்கோ. இது ஒயில் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி நிக்குது. இப்படியே ஓடினா உள்ளுக்குள்ள எல்லாம் தேஞ்சு போயிடும்."

முழுமையாக எரியாத மண்ணெண்ணெய், பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி அடியிலுள்ள ஒயிலோடு கலந்துவிடுகிறது. ஒயில் நீர்த்துப் போகிறது. மட்டம் உயர்கிறது, ஆனால் காக்கும் வலு குறைகிறது. நிறைந்திருப்பதாகத் தெரியும் கம்பியே அழிவின் அறிகுறி. மாற்றுவதற்கு ஒயிலும் அருமை என்பதால், தெரிந்தே தேயவிட்டு ஓடிய எஞ்சின்கள் ஏராளம்.

அதே கார் ஓரிரவு பிரசவ வேதனையில் இருந்த பெண்ணொருவரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. நானும் கூடச் சென்றேன். பாதி வழியில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. போத்தலில் எஞ்சியிருந்தது ஒருமுறை பீச்சுவதற்கான பெற்றோல் மட்டுமே. பிளக்கில் பழுதிருக்க அதை வீணாக்கினால் விடியும்வரை வீதியில்தான். சாரதி அவசரப்படவில்லை. இருட்டில் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்து, ஈரமாக இருந்த இரண்டைத் துடைத்துத் தேய்த்துப் பூட்டினார். அதன்பிறகே போத்தலை எடுத்தார். நான் கைபிடியைச் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் எஞ்சின் உயிர்த்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அப்படி உரிய நேரத்தில் போய்ச்சேர முடியாதவர்களும் அந்த ஆண்டுகளில் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்வது நேர்மையாகாது.

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும் இந்த வண்டிகளிற் பல சனத்தோடு சனமாகத் தென்மராட்சி நோக்கி ஊர்ந்தன. அவ்வாண்டு இறுதியில் யாழ்ப்பாண நகர் இராணுவத்தின் வசமான பின்னர் குடாநாட்டின் நிலை மாறியது. வன்னியில் தடை தொடர்ந்தது. 2002இல் தடைகள் தளர்ந்து ஏ9 வீதி திறந்த பின்னரே அங்கே பீச்சும் போத்தல்களுக்கு ஓய்வு கிடைத்தது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட, அவை திரும்பவும் கைக்கு வந்தன.

இந்தக் கதையை இன்று சொல்லும்போது கேட்பவர்கள் எமது கெட்டித்தனத்தைப் புகழ்கிறார்கள். அந்தப் பெருமை அந்தத் திருத்துநருக்கும் சாரதிக்கும் உரியதுதான். அவர்கள் அறிந்ததை எந்தக் கைநூலும் பதிவுசெய்யவில்லை. ஆனால் புகையில் எரிந்த கண்களையும், தேய்ந்துபோன எஞ்சின்களையும், வைத்தியசாலைக்குப் பிந்தியவர்களையும் மறந்துவிட்டுப் பெருமையை மட்டும் பேசினால், ஒயில் கம்பியைப் பார்த்து நான் அன்று விட்ட அதே தவறையே விடுகிறோம்.

அந்தப் பையனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான்: ஓடியது உண்மை. மட்டத்தை மட்டும் பாராமல், ஒருமுறை முகர்ந்தும் பார்.