நீர்மேற்பரப்பில் ஸ்பின்னர்பெயிட் இழுத்தல்

நீர்மேற்பரப்பில் ஸ்பின்னர்பெயிட் இழுத்தல் என்பது, ஸ்பின்னர்பெயிட் எனப்படும் செயற்கை இரையை ஆழத்தில் அமிழ விடாது, நீரின் மேற்பரப்பை ஒட்டியே சீராக இழுத்து பாஸ் மீன்களைக் கவரும் தூண்டில் முறை ஆகும். வட அமெரிக்காவின் ஏரிகள், நீர்த்தேக்கங்கள், ஆறுகள் ஆகியவற்றில் இது பரவலாகக் கையாளப்படுகின்றது. ஸ்பின்னர்பெயிட் இயல்பில் அமிழும் பொருள். அதனை மேலே நிறுத்துவன இழுப்பின் வேகமும் தகடுகளின் சுழற்சியுமே. எனவே வேகம், எடை, தகட்டின் வடிவம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வது இம்முறையின் அடிப்படையாகும்.

மீன்

பாஸ் என்ற பெயர் பலவகை மீன்களுக்கு வழங்குகின்றது. இங்கு குறிக்கப்படுபவை மைக்ரோப்டெரஸ் பேரினத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்களாகும். இவற்றுள் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் ஆகிய இரண்டும் முதன்மையானவை. வாய் மூடியிருக்கும்போது பெருவாய் பாஸின் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும். சிறுவாய் பாஸில் அவ்வாறு நீளாது.

இம்மீன்கள் இரையைக் கண்ணால் காண்பதோடு, உடலின் இருபுறமும் அமைந்த பக்கக்கோட்டு உறுப்பினால் அண்மையில் உள்ள நீரசைவையும் உணர்கின்றன. கலங்கிய நீரிலும் மங்கிய ஒளியிலும் இவ்வுறுப்பு பெரிதும் உதவுகின்றது. மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் பொருள், கீழிருந்து நோக்கும் மீனுக்கு வான ஒளியின் பின்னணியில் நிழலுருவாகத் தெரியும். சுழலும் தகடு அந்நிழலுருவுடன் அதிர்வையும் மினுமினுப்பையும் சேர்த்துத் தருகின்றது.

இரையின் அமைப்பு

ஸ்பின்னர்பெயிட்டின் உடல், திறந்த ஊக்கைப் போல வளைக்கப்பட்ட கம்பியால் ஆனது. கம்பியின் கீழ்க்கையில் ஈயத் தலையும் தூண்டில் முள்ளும் உள்ளன; முள்ளைச் சுற்றிச் சிலிக்கோன் அல்லது இரப்பர் இழைக் குஞ்சம் தொங்கும். மேற்கையில் ஒன்று அல்லது இரண்டு உலோகத் தகடுகள் சுழலும். கம்பி முள்ளுக்கு முன்னாகச் சென்று தடைகளைத் தள்ளிவிடுவதால், நீர்ச்செடிகளிடையேயும் மூழ்கிய மரக்கிளைகளிடையேயும் இதனை அதிகம் சிக்காமல் இழுக்க இயலும்.

தகடுகள் மூன்று வடிவங்களில் பெரும்பாலும் கிடைக்கின்றன.

கொலராடோ: வட்டத்தை ஒத்தது. அகன்று சுழன்று நீரை மிகுதியாகத் தள்ளும். தூக்குவிசை அதிகம் என்பதால் மெதுவாக இழுத்தாலும் இரை மேலே நிற்கும்.

வில்லோ இலை: நீண்டு ஒடுங்கியது. கம்பியை ஒட்டிச் சுழலும். மினுமினுப்பு மிகுதி, தூக்குவிசை குறைவு. மேற்பரப்பில் நிற்க விரைவான இழுப்பு வேண்டும்.

இந்தியானா: நீர்த்துளி வடிவினது. மேற்கூறிய இரண்டிற்கும் இடைப்பட்ட இயல்புடையது.

இழுக்கும் வகைகள்

முதல் வகையில் தகடுகள் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே, அதனைக் கிழிக்காமல் செல்லும். மேலே நீர் புடைத்து எழுந்து, இரையின் பின்னால் விரியும் அலைத்தடம் தோன்றும். சிறுமீன் ஒன்று மேற்பரப்பின் அடியில் விரைந்து ஓடுவதை இத்தடம் ஒத்திருக்கும்.

இரண்டாம் வகையில் வேகம் கூட்டப்பட்டு, தகடுகள் நீரைக் கிழித்துச் சலசலப்பை எழுப்பும். இது பஸ்பெயிட் என்னும் மற்றோர் இரையின் செயலை ஒத்தது. எனினும் பஸ்பெயிட்டின் தகடு விசிறி போன்ற அமைப்புடையது. மேற்பரப்பில் இயங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஸ்பின்னர்பெயிட்டோ, இழுப்பை நிறுத்தினால் தகடு சுழன்றபடியே கீழிறங்கும். மரக்கட்டையின் அருகிலோ செடிகளின் விளிம்பிலோ இழுப்பை ஒரு கணம் நிறுத்தி இரையை அமிழ விடுவது இவ்வியல்பைப் பயன்படுத்தும் உத்தியாகும்.

செய்முறை

மீன் இருக்கக்கூடிய இடத்திற்கு அப்பால் இரையை வீச வேண்டும். இரை நீரைத் தொடும் கணத்திலேயே சுற்றத் தொடங்க வேண்டும். தாமதித்தால் அது அமிழ்ந்துவிடும். தொடக்கத்தில் தூண்டில் கம்பின் நுனியை உயர்த்திப் பிடிப்பது வழக்கம். இரை அண்மையில் வரவர நரம்பின் சாய்வு கூடி, இரையை நீருக்கு வெளியே இழுக்க முயலும். ஆகவே நுனியைப் படிப்படியாகத் தாழ்த்த வேண்டும்.

இரை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் மேற்கை முள்ளுக்கு நேராக அமையவில்லை என்று பொருள். கம்பியைக் கையால் சிறிது வளைத்து நேராக்கலாம்.

நீர் தெறிப்பதைக் கண்டவுடன் கம்பை வெட்டி இழுப்பது தவறாகும். மீன் இரையை வாயில் கொள்ளுமுன்னரே அது பறிக்கப்பட்டுவிடும். மீனின் எடை கையில் உணரப்பட்ட பின்னரே இழுக்க வேண்டும். மீன்கள் இரையின் பின்புறத்தை மட்டும் கவ்வித் தப்புமாயின், முதன்மை முள்ளுடன் துணை முள் ஒன்று கோக்கப்படும்.

கருவிகள்

7 முதல் 14 கிராம் வரை எடையுள்ள இரைகள் இதற்கு ஏற்றவை. நரம்பின் அடர்த்தியும் கருதத்தக்கது. புளோரோகார்பன் நரம்பு நீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தி உடையது. விரைந்து அமிழ்ந்து இரையையும் கீழிழுக்கும். நைலான் நரம்பின் அடர்த்தி நீரைவிடச் சற்றே கூடுதல். பாலியெத்திலீன் பின்னல் நரம்பு மிதக்கும். ஆதலால் மேற்பரப்பு முறைக்குப் பின்னிரண்டுமே பொருத்தமானவை.

ஏற்ற காலமும் இடமும்

விடியல், அந்தி, மேகமூட்டம் ஆகிய ஒளி குறைந்த வேளைகளும், மெல்லிய காற்றினால் மேற்பரப்பு கலைந்திருக்கும் நேரமும் ஏற்றவை. இலையுதிர் காலத்தில் ஷாட் எனும் சிறுமீன்கள் கூட்டமாக மேலே திரியும்போது பாஸ் மீன்கள் அவற்றைத் துரத்தி வருகின்றன. குளிர்ந்த நீரில் மீன்கள் மந்தமாக இருப்பதால் இம்முறை பெரும்பாலும் பயன் தருவதில்லை. அக்காலத்தில் இரையை அடித்தளத்தை ஒட்டி மெதுவாக இழுப்பர்.

இனப்பெருக்க காலமும் சூழலும்

வசந்த காலத்தில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசை எட்டும்போது பாஸ் மீன்கள் ஆழமற்ற கரையோரங்களில் முட்டையிடத் தொடங்குகின்றன. கூட்டை அமைப்பதும் முட்டைகளையும் குஞ்சுகளையும் காப்பதும் ஆண் மீனே. கூட்டருகே வரும் எதனையும் அது தாக்கும் என்பதால் தூண்டிலில் எளிதில் சிக்கும். ஆண் மீன் அகற்றப்பட்டால், புளூகில் முதலிய மீன்கள் முட்டைகளை விரைவில் உண்டுவிடும். பிடித்த மீனை விடுவித்தாலும், அது இல்லாத சிறு இடைவெளியே இழப்பிற்குப் போதுமானது. இதனால் வட அமெரிக்காவின் சில பகுதிகளில் அக்காலத்திற்குரிய கட்டுப்பாடுகள் உள்ளன.

தாயகத்திற்கு வெளியே நிலை வேறு. ஜப்பானின் ஆஷி ஏரியில் 1925-இல் விடப்பட்ட பெருவாய் பாஸ், பின்னர் நாட்டின் பல நீர்நிலைகளுக்கும் பரவி உள்நாட்டு மீன்களுக்குக் கேடாயிற்று. பிவா ஏரி அமைந்துள்ள ஷிகா மாநிலம், பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவதை 2003-இல் தடை செய்தது. 2005-இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டத்தின்படி இம்மீனை உயிருடன் கொண்டுசெல்வதும் வளர்ப்பதும் கட்டுப்படுத்தப்பட்டன. ஆகவே பிடித்த மீனை விடுவித்தல் ஓரிடத்தில் பாதுகாப்பு முறையாகவும் பிறிதோரிடத்தில் சட்ட மீறலாகவும் அமைகின்றது.