வஹகோட்டையும் பல்கேரியாவும்
மொழி மாற்றமும் மத மாற்றமும் பற்றிய ஓர் ஒப்பாய்வு

மாத்தளை மாவட்டத்திலே, கலேவலைக்கு அண்மையில், வயலும் தோட்டமும் சூழ்ந்த வஹகோட்டை என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள அந்தோனியார் கோவில் இலங்கை எங்கும் அறியப்பட்டது. ஆண்டுதோறும் ஆனி மாதத் திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும் அங்கே திரளுவர். இவ்வூர்க் கத்தோலிக்கருள் பலர், கண்டி மன்னர் பதினேழாம் நூற்றாண்டிலே குடியேற்றிய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என்பது மரபு. எனினும் இன்று அவர்தம் வீட்டு மொழி சிங்களம். போர்த்துக்கேய மொழி அங்கு எவர் நாவிலும் இல்லை. மொழி அழிந்த இடத்தில் மதம் அழியாது நின்றதன் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக் கரையை அடைந்தனர். கோட்டை அரசும் யாழ்ப்பாண அரசும் அவர் கைப்பட்டன. கண்டி மட்டும் வசமாகவில்லை. 1594 இல் தந்துறையிலும், 1630 இல் ரந்தெனிவெலையிலும், 1638 இல் கன்னொறுவையிலும் அவர்தம் படைகள் அழிந்தன. இத்தோல்விகளிற் சிறைப்பட்டோரும், படையைவிட்டு ஓடிவந்தோரும் மலைநாட்டிலே தங்க நேர்ந்தது. பின்னர் 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என 1658 இல் ஒல்லாந்தர் கட்டளை பிறப்பித்தனர். கிறித்தவர் துரத்திய கிறித்தவர்க்குப் புகலளித்தவன் பௌத்த மன்னனாகிய இரண்டாம் இராசசிங்கன் என்பது குறிப்பிடத்தக்கது. ஒல்லாந்தரைத் துணைக்கழைத்துப் போர்த்துக்கேயரை ஒழித்தவனும் அவனே! இதனை வெறும் அருட்செயல் என்று கொள்ளுதல் பொருந்தாது. துப்பாக்கியும் பீரங்கியும் கையாளத் தெரிந்தவர், ஒல்லாந்தரைப் பகைப்பவர், வேறு போக்கிடம் அற்றவர்: இம்மூன்றும் ஒருங்கே அமைந்த குடிகள் எந்த மன்னனுக்கும் பயன்படுவர்.

இனி, கண்டியரசின் பொருளாதார அமைப்பை நோக்குவோம். அங்கே நிலமே செல்வம்; அந்நிலத்தை உழுதுண்பவன் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்தல் வேண்டும். இதுவே இராசகாரியம். உப்பும் கருவாடும் கரையிலிருந்து மாட்டுப் பொதிகளில் ஏறிவரும். பாக்கும் மிளகும் இறங்கிச் செல்லும். மற்றெல்லாம் வயலிலும் சேனையிலும் வீட்டுத் தோட்டத்திலும் விளைவனவே. 1660 இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் சீவித்தமையைத் தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். அவர் மணமின்றியிருந்து ஈற்றில் தப்பிச் சென்றார். மணம் முடித்து நிலம் பெற்றவர்க்குத் தப்பும் எண்ணமே எழவில்லை. போர்த்துக்கல்லிலிருந்து வந்த கப்பல்களிலே பெண்கள் மிக அரியர். படைவீரர் இந்நாட்டுப் பெண்களையே மணந்தனர். பிள்ளை தாயிடம் பயின்றது சிங்களம். அயலவனோடு நீர்ப்பங்கீடு பேசியதும் சிங்களம். ஓரிரு தலைமுறைகளில் தந்தைமொழி வழக்கொழிதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

அம்மொழி மதிப்பற்றதாக இருந்தமையால் அழிந்தது என்றும் கூறவியலாது. கண்டி மன்னரும் ஒல்லாந்தரும் தம்முள் எழுதிக்கொண்ட கடிதங்கள் பல போர்த்துக்கேய மொழியிலேயே அமைந்தன. இராசசிங்கன் தானே அம்மொழி வல்லவன். அரசவையிற் சிறப்புற்ற மொழி வயலிலே பயனற்றுப் போயிற்று என்பதே உண்மை.

மதத்தின் கதை வேறு. குருமார் இன்றி நெடுங்காலம் வாடிய கத்தோலிக்கரைத் தேடிக் கோவையிலிருந்து யோசேவாஸ் முனிவர் 1687 இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழும் சிங்களமும் பயின்றார். 1692 இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டனர். 1697 இல் பெரியம்மை பரவிய காலை, உற்றாரே கைவிட்ட நோயாளரைப் பேணியமையால் மன்னனது நன்மதிப்பைப் பெற்றார். அவரும் அவர்வழி வந்த குருமாரும் மலைநாட்டுக் கத்தோலிக்கரைப் பேணினர். 1711 இல் இறந்த அவரை 2015 இல் உரோமைத் திருச்சபை புனிதராக அறிவித்தது. நாயக்கர் மரபின் முதல் மன்னனாகிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் ஆட்சியில் (1739–1747) இக்குருமார் கண்டி நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். அப்போதும் வஹகோட்டையார் தம் சமயத்தை விடவில்லை.

இங்கு நிகழ்ந்ததன் பொருளை விளக்கவல்ல நாடொன்று ஐரோப்பாவின் தென்கிழக்கிலே உளது. அது பல்கேரியா. வடக்கே தான்யூப் ஆறும், கிழக்கே கருங்கடலும், தெற்கே ரொடொப்பி மலைகளும் அதன் எல்லைகள். பால்கன் மலைத்தொடர் நாட்டை ஊடறுத்துச் செல்கின்றது. 1396 அளவில் அந்நாடு முழுவதும் உதுமானியத் துருக்கியர் ஆட்சிக்குட்பட்டது. 1878 வரை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் அவ்வாட்சி நிலவியது. நில வருவாயைக் குதிரைவீரனுக்கு வழங்கி, அதற்கீடாகப் போர்க்காலத்தில் அவனது சேவையைப் பெறுதல் துருக்கியர் முறை. அவ்வீரனுக்கு ஸிபாஹி என்று பெயர். நமது ‘சிப்பாய்’ என்ற சொல்லும் இப்பாரசீகச் சொல்லின் வழியே வந்தது. இதுவரையில் கண்டிக்கும் துருக்கிக்கும் ஒப்புமை காணலாம். ஆனால் குடிகளைக் கணக்கெடுக்கும் வகையிலே வேற்றுமை பெரிது. சுல்தானின் ஏடுகளில் மனிதன் முதலில் இஸ்லாமியன் அல்லது இஸ்லாமியனல்லாதவன். பின்னவன் தலைவரி இறுக்கவேண்டும். கிறித்தவர் அனைவரும், கிரேக்கராயினும் பல்கேரியராயினும், கொன்ஸ்தாந்திநோபிள் திருச்சபைத் தலைவரின் கீழ் ஒரே சமுதாயமாக எண்ணப்பட்டனர். என்ன மொழி பேசுகின்றான் என்று எவரும் வினவவில்லை.

இதன் விளைவு இருவகை மக்களிடம் தெளிவாகத் தோன்றுகின்றது. ரொடொப்பி மலைகளில் ஆடு மேய்த்தும் புகையிலை பயிரிட்டும் வாழும் பொமாக்கியர் பேசுவது பல்கேரிய மொழி, மதம் இஸ்லாம். வரிச்சுமை, பதவி நாட்டம், அயலாரின் நெருக்கம் எனக் காரணங்கள் பல கூறப்படும். எவ்வாறாயினும் அவர்கள் மாற்றிக்கொண்டது அரசு எதைக் கணக்கெடுத்ததோ அதனையே. அரசு பொருட்படுத்தாத மொழி அவர்களிடம் அப்படியே நின்றது. வர்ணா நகரை அடுத்த பகுதிகளில் வாழ்ந்த ககவுசியரோ இதற்கு நேர்மாறானவர். துருக்கி மொழி பேசும் கிறித்தவர் இவர். இவர்தம் தோற்றம் பற்றி அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. இவர்களுட் பலர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெசராபியாவுக்குப் பெயர்ந்தனர்; இன்று மொல்தோவா நாட்டில் 1994 முதல் தன்னாட்சி பெற்றுள்ளனர். வஹகோட்டையாருக்கு ஐரோப்பாவிலே உறவு தேடின், இரத்த உறவு லிஸ்பனில். நிலைமையால் உறவு இக்ககவுசியரிடம்.

கண்டியரசு கணக்கெடுத்தது மதத்தையும் அன்று, மொழியையும் அன்று, ஊழியத்தையே. இன்ன நிலம், இன்ன குடி, இன்ன பணி என்பதே அதன் பதிவு. பணியைச் செய்தவன் வீட்டினுள்ளே எச்செபத்தைச் சொன்னான் என்பது பெரும்பாலும் அரண்மனையின் கவலைக்குரியதாக இருக்கவில்லை. ஆதலின் மதத்தை விடுதற்கு வஹகோட்டையானுக்குப் பொருளாதார ஏது ஒன்றும் இல்லை. மொழியை விடுதற்கோ நாள்தோறும் ஏது இருந்தது.

இக்கருத்தை இலங்கையினுள்ளேயே சோதித்துப் பார்க்கலாம். மட்டக்களப்புப் பறங்கியரும் கத்தோலிக்கரே. அவர்தம் முன்னோரும் இந்நாட்டுப் பெண்களை மணந்தவரே. ஆயினும் அவர்களிடையே போர்த்துக்கேயக் கலப்புமொழி நம் காலம்வரை வந்துள்ளது. ஏனெனில் அவர்கள் வயலுக்குச் செல்லவில்லை. தச்சு, கம்மாலை முதலிய தொழில்களைக் குலத்தொழிலாகக் கொண்டு, நகரில் நெருங்கி வாழ்ந்து, பெரும்பாலும் தம்முள்ளேயே மணம்புரிந்தனர். பட்டறையில் தந்தையும் மகனும் பேசிய மொழி வீட்டிலும் நின்றது.

பல்கேரிய மொழி மீண்டெழுந்த வரலாற்றிலும் தொழிலின் பங்கு பெரிது. திருச்சபையில் கிரேக்க மொழி மேலோங்கிப் பல்கேரியம் உழவன் பேச்சென இகழப்பட்ட காலத்தில், பைசி என்னும் துறவி 1762 இல் தம் இனத்தின் வரலாற்றை எழுதி, தாய்மொழிக்கு நாணுவோரைக் கடிந்தார். ஆனால் நூல் ஒன்றே போதியதாகவில்லை. துருக்கிப் படைக்குக் கம்பளித் துணி நெய்து விற்ற மலையூர் வணிகரிடம் பணம் சேர்ந்த பின்னரே, 1835 இல் கப்ரோவோவில் பல்கேரிய மொழிப் பள்ளி எழுந்தது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது 1848 இல். இரு நாட்டாரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் மதமும் மொழியும் பள்ளிக்கூடத்தால் நிலைபெறும் என்பதை ஏறத்தாழ ஒரே காலத்தில் உணர்ந்தனர். 1870 இல் பல்கேரியர் தமக்கெனத் தனித் திருச்சபையைப் பெற்றனர். எட்டாண்டுகளில் அரசும் கிடைத்தது.

ஆனால் அவ்வரசு பின்னாளில் நடந்துகொண்ட முறை வருந்தத்தக்கது. பொதுவுடைமை ஆட்சியினர் 1970 களின் தொடக்கத்தில் பொமாக்கியரின் பெயர்களையும், 1984–85 இல் துருக்கியரின் பெயர்களையும் வலிந்து மாற்றினர். இறந்தோரின் கல்லறைப் பெயர்களும் தப்பவில்லை. 1989 கோடையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளோடு எல்லை கடந்து துருக்கிக்குச் சென்றனர். வயலில் விளைந்த புகையிலையைப் பறிக்க ஆளில்லாது போகவே, நகரத்தாரை அனுப்பவேண்டியதாயிற்று. அவ்வாண்டு கார்த்திகையில் ஆட்சித்தலைவர் ஷிவ்கோவ் வீழ்ந்தார். 1990 இல் பழைய பெயரை மீளப்பெறச் சட்டம் இயற்றப்பட்டது. போனவர்களுட் பெருந்தொகையினர் திரும்பவில்லை.

வஹகோட்டையாரை நோக்கி, ‘நீவிர் போர்த்துக்கேயரா, சிங்களவரா?’ என்று வினவுவோர் உளர். அவ்வினாவைக் கண்டி மன்னன் கேட்டானல்லன். ஆனி 13 ஆந் திகதி அவ்வூரார் சிங்களத்திற் செபஞ் சொல்லிக் கொண்டாடும் அந்தோனியார், 1195 இல் லிஸ்பன் நகரிலே பிறந்தவர்.