சுவரும் கதவும்: மெய்நிகர் கணினியின் கதை

பி.காம். படிக்கிறவனுக்கு லினக்ஸில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்டிப் பழகுகிறேன். போன வாரம் அதற்குள் தட்டச்சு செய்த ப்ராஜெக்ட் கோப்பை வெளியே எடுக்கத் தெரியாமல், எனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டேன்! ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு நடுவே ஏன் இந்தச் சுவர்? தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

கதை 1960களில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் க்ரீசியின் குழு சிபி-40 என்ற அமைப்பை உருவாக்கியது. 1967இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. இருப்பது ஒரே கணினி. ஆனால் ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியும் தனக்கே சொந்தம் போலத் தோன்றும். 1972இல் ஐபிஎம் இதன் வழிவந்த விஎம்/370ஐ அறிவித்தது.

அதில் கோப்பைப் பகிர்ந்த விதம்தான் வேடிக்கை. ஒருவர் தன் மெய்நிகர் துளையிடும் கருவியில் 'அட்டை' குத்துவார். அது அடுத்தவரின் மெய்நிகர் அட்டைப் படிப்பானில் போய் விழும். உண்மையில் அட்டையே கிடையாது! வட்டையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, 'படிக்க மட்டும்' என்று மற்றவருக்குத் திறந்துவிடலாம். இன்றைய பகிர்வுக் கோப்புறைக்கு இதைத் தாத்தா எனலாம்.

சாதாரண பிசிக்கு இந்த வசதியை 1999இல் விஎம்வேர் கொண்டுவந்தது. 2007இல் விர்ச்சுவல்பாக்ஸின் மூலநிரல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு கேவிஎம் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்தது. பகிர்வுக்கென்றே எழுதப்பட்ட விர்ட்டியோ-எஃப்எஸ் 2019இல் லினக்ஸ் 5.4இல் வந்தது.

பென் டிரைவ் மாதிரியான சாதனத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். உள்ளே கொடுத்தால் வெளியே மறைந்துவிடும். கோப்புறை அப்படியல்ல, இருவருக்கும் பொது. ஆபத்தும் அங்கேதான். 2008 பிப்ரவரியில் விஎம்வேரின் பகிர்வுக் கோப்புறையில் ஓட்டை இருப்பதைக் கோர் செக்யூரிட்டி நிறுவனம் வெளியிட்டது. பகிர்ந்த கோப்புறையைத் தாண்டி, விண்டோஸின் மற்ற கோப்புகளையும் உள்ளிருந்தே தொட முடிந்தது!

கணக்குப்பதிவியலில் முதல் பாடமே முதலாளி வேறு, வணிகம் வேறு என்பதுதான். கல்லாவிலிருந்து பத்து ரூபாய் எடுத்தாலும் பதிவு வேண்டும். இங்கும் அதே கதைதான். சுவர் இருப்பது நம்மைத் தொந்தரவு செய்ய அல்ல. முழு டிரைவையும் திறந்துவிடாமல், பகிர்வதற்கென்று ஒரு தனிக் கோப்புறை வையுங்கள். எழுதத் தேவையில்லாதபோது 'படிக்க மட்டும்' என்று வையுங்கள்.

நானும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். ப்ராஜெக்ட் பத்திரமாக வெளியே வந்துவிட்டது!