ஒருவரைப் பலராக்கும் சொல்

"தாத்தா, நீ சாப்பிட்டியா?" தில்லியிலே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளை இப்படிக் கேட்கும்போது, ஊரிலிருந்து வந்த பெரியவருக்குச் சுருக்கென்று இருக்கிறது. அதே பிள்ளை பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இந்தியில் 'ஆப்' என்று பிசகாமல் பேசுகிறது. அங்கே தூ, தும், ஆப் என்று மூன்று படிகள். நம்மிடமும் நீ, நீர், நீங்கள் என்று மூன்று உண்டு. அவை வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

தொல்காப்பியத்தில் 'நீ' ஒருமை, 'நீயிர்' பன்மை. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே தவிர, இலக்கண முறை அல்ல என்கிறது சொல்லதிகாரம். ஆக, இலக்கணம் ஒப்புவதற்கு முன்பே மக்கள் வாய் மரியாதையைப் பழகிவிட்டது! 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், உவப்பாலும் உயர்வாலும் திணையும் பாலும் மாறுவது இயல்பே என்று ஏற்றுக்கொண்டார். ஆசையாய் வளர்த்த பசுவை அம்மை என்பதும் இதில் அடங்கும் என்பர் உரைகாரர்.

பன்மையாக இருந்த 'நீர்' ஒருவருக்கே உரியதாயிற்று. 'கள்' விகுதி ஏற்ற 'நீங்கள்' பலரைச் சுட்டியது. பிறகு அதுவும் ஒருவருக்கான மரியாதையாகிவிட்டது. 'அவர்', 'அவர்கள்' கதையும் இதேதான். பழைய 'நீரை' இன்று நெல்லைப் பக்கத்துப் பேச்சிலும் கிறிஸ்தவர்களின் ஜெபத்திலும் கேட்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'மரியாதை' வடசொல், அதன் மூலப்பொருள் எல்லை. நம் ஊர்களில் அந்த எல்லையைச் சாதி போட்டது. தலை நரைத்த பண்ணையாளைப் பண்ணையார் வீட்டுப் பொடியன் "வாடா" என்பான்; அவரோ அவனைச் "சின்ன ஐயா" என்பார். இந்த அநியாயத்தை எதிர்த்த இயக்கம் தன் பெயரிலேயே மரியாதையை வைத்துக்கொண்டது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் செய்தது.

அம்மாவை 'நீ' என்கிறோமே, அது அன்பு. பேரன் சொன்ன 'நீ'யும் அன்புதான். தாத்தா கோபிக்க வேண்டாம். ஆனாலும் 'நீங்க' சொல்லக் கற்றுக்கொடுப்போம். தாத்தாவுக்கு மட்டுமல்ல, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் வாசல் காவலருக்கும் சேர்த்துத்தான். நாம் அவர்களிடம் எப்படிப் பேசுகிறோமோ, பிள்ளை அதைத்தானே படிக்கும்?