தராசைச் சோதிக்கப் போய்த் தூசியைக் கண்டவர்கள்



பால் எடுத்து வந்து ஸ்டோரில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தராசைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முள்ளின்மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டேதான் வாளியைத் தூக்கி வைப்பீர்கள். தராசில் ஐயம் வந்தால் என்ன செய்வோம்? எடை தெரிந்த படிக்கல் ஒன்றை வைத்துப் பார்ப்போம். கணக்கு ஒத்துவராவிட்டால், "கல்லு சரிதான், தராசுதான் தப்பு" என்போம். அந்தப் படிக்கல்லே நாம் நினைத்த மாதிரி இல்லையென்றால்? 1983-ஆம் ஆண்டில் விண்வெளியில் அப்படி ஒன்று நடந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுத வந்தேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலறிஞர் சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தின் வழியே விட்டு, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சூடு இருக்கிறதென்று வெப்பமானியால் அளந்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் அங்கேதான் அதிகம் ஏறியது! சும்மா ஒரு வெப்பமானியை மட்டும் நம்பாமல், ஒப்பிட்டுப் பார்க்க வேறு வெப்பமானிகளையும் ஒளி படாத இடத்தில் வைத்திருந்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லின் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் அனல் அடிக்கிறதே, அதுவும் இதுதான்.

விண்மீன்களிலிருந்து வரும் இந்தக் கதிரைத் தரையிலிருந்து பார்ப்பது கடினம். காற்றிலுள்ள நீராவி பெரும்பகுதியைக் குடித்துவிடும். காற்றும் தன் பங்குக்கு அனல் வீசும். ஆகவே அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஐராஸ் என்ற தொலைநோக்காடியைச் செய்து, 1983 ஜனவரி 25-ஆம் நாள் கலிபோர்னியாவிலிருந்து விண்ணுக்கு அனுப்பின. அது பூமிக்கு மேலே 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அதன் கண்ணாடி 57 சென்டிமீட்டர் அகலம்தான், இரண்டடிகூட இல்லை.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. அனலைப் பார்க்கப் போகும் கருவியே அனல் வீசினால் என்னாகும்? பட்டப்பகலில் அகல்விளக்கைத் தேடுவது போலத்தான். எனவே திரவ ஹீலியத்தைக் கொண்டு உணர்கருவிகளைச் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 270 டிகிரி வரை குளிர்வித்தார்கள். அந்த ஹீலியமோ கொஞ்சங் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். தீர்ந்தால் மறுபடி ஊற்ற ஆளில்லை, கருவி குருடாகிவிடும். கையிலிருப்பதோ மாதக் கணக்கில்தான். அதற்குள் வானம் முழுவதையும் அளந்தாக வேண்டும். அளவு பிசகினால் அத்தனை எண்களும் வீண்.

அளவைச் சரிபார்க்க என்ன வழி? தொலைநோக்காடிக்குள்ளேயே ஒரு சிறு வெப்ப மூலத்தை வைத்து, அதை மின்னவிட்டு, உணர்கருவிகள் நேற்றுப் போலவே இன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தார்கள். அது போதாது. வானத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொண்ட படிக்கல் ஒன்று வேண்டும். அதற்கு வேகா என்ற விண்மீன் இருந்தது. நம் பஞ்சாங்கக்காரர்கள் அபிஜித் என்பது அதைத்தான். பூமியிலிருந்து 25 ஒளியாண்டுத் தொலைவு. எத்தனையோ காலமாக வானியலார் அதன் ஒளியைச் சுழி என்று வைத்துக்கொண்டு மற்ற விண்மீன்களை ஒப்பிட்டு வந்தார்கள்.

ஐராஸை நடத்திய நிலையம் இங்கிலாந்தில், ரதர்போர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ஹார்ட்மட் ஆமன், பிரெட் கில்லெட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வேகாவின் அளவுகளைப் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 12 மைக்ரான் அலைநீளத்தில் கணக்கு ஒத்து வந்தது. 25 மைக்ரானில் இருக்க வேண்டியதைப் போல் 1.3 மடங்கு. 60 மைக்ரானில் 7 மடங்கு! 100 மைக்ரானில் 16 மடங்கு!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கருவி புதிது, படிக்கல்லோ பழையது, பெயர் பெற்றது. "கருவியிலே கோளாறு" என்று எண்ணைத் திருத்திவிட்டால் வேலை முடிந்தது. நேரமும் மிச்சம்.

எனக்கு இதைப் படித்தபோது வேறொன்று நினைவுக்கு வந்து மனம் சுருங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் மேசையின் நீளத்தை அளக்கச் சொன்னேன். எல்லோரும் 92 சென்டிமீட்டர் என்றார்கள். ஒரு பையன் மட்டும் 90 என்றான். சிவப்பு மையால் தப்புப் போட்டேன். "சார், நான் சரியாத்தான் அளந்தேன்" என்றான். "போய் உட்காரு" என்றேன். மற்றவர்கள் அளந்தது வகுப்பிலிருந்த மர அடிக்கோலால். இவன் அளந்தது அப்பா வாங்கிக் கொடுத்த புதுக் கோலால். மர அடிக்கோலின் முனை அரை சென்டிமீட்டர் தேய்ந்திருந்ததை நான் கண்டபோது, அவன் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டிருந்தது.

ஆமனும் கில்லெட்டும் அப்படிச் செய்யவில்லை. அதே கருவி மற்ற விண்மீன்களைச் சரியாகத்தான் காட்டியது. மேலும் 60 மைக்ரானில் வேகா ஒரு புள்ளியாக இல்லாமல் சற்று அகன்று தெரிந்தது. ஆக, கோளாறு தராசில் இல்லை. வேகாவைச் சுற்றிக் குளிர்ந்த தூசி சூழ்ந்திருக்கிறது, அதுதான் அந்த அதிகப்படி அனலை வீசுகிறது என்று முடிவு கட்டினார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 85 மடங்குத் தொலைவில், சுழிக்குக் கீழே 188 டிகிரிக் குளிரில் இருக்கும் தூசி! 1983 ஆகஸ்டில் செய்தி வெளியானது. ஆய்வுக் கட்டுரை 1984-இல் அச்சேறியது.

தூசிதானே என்று எண்ணிவிடாதீர்கள். நம் பூமியும் மற்றக் கோள்களும் இளஞ்சூரியனைச் சுற்றிய தூசியும் வாயுவும் திரண்டு உருவானவை. வளர்ந்துவிட்ட வேறொரு விண்மீனைச் சுற்றியும் அத்தகைய பொருள் உண்டு என்பதற்கு முதல் சான்று இதுதான். தேடிப் போய்க் கண்டதல்ல, தராசைச் சரிபார்க்கும்போது அகப்பட்டது. அதன்பின் ஃபோமல்ஹாட், பீட்டா பிக்டோரிஸ் போன்ற விண்மீன்களிலும் ஐராஸ் இதையே கண்டது. சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றைக் கண்டுபிடிக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, படிக்கல் கைவிட்டதே, பிறகு எதை வைத்து அளந்தார்கள்? 12 மைக்ரானுக்கு ரோகிணி விண்மீனை நம்பினார்கள். 100 மைக்ரானுக்கு விண்மீனே வேண்டாமென்று, சூரியனைச் சுற்றும் சிறுகோள்களை எடுத்துக்கொண்டார்கள். வெயிலில் காயும் வெறும் பாறை எவ்வளவு அனல் வீசும் என்று கணக்குப் போட முடியுமல்லவா?

1983 நவம்பர் 21-ஆம் நாள் ஹீலியம் தீர்ந்தது. அதற்குள் வானத்தில் 96 விழுக்காட்டை ஐராஸ் அளந்து முடித்திருந்தது. வேகாவின் தூசித் தட்டை 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்காடி எடுத்த படங்கள் வெளிவந்தன. ஆச்சரியப்படும் அளவுக்கு வழவழப்பாக இருக்கிறது. பெரிய கோள் எதுவும் உழுது போன தடம் அதில் தெரியவில்லை. ஏன் அங்கே மட்டும் அப்படி என்று இன்னும் ஆராய்கிறார்கள்.

பிள்ளைகளே, ஆகஸ்டு மாதத்தில் மேகமில்லாத இரவு, பத்து மணி வாக்கில் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு திடலுக்குப் போங்கள். வடக்கே பார்த்து நின்று, பாதி வானத்துக்குச் சற்று மேலே தலையை உயர்த்துங்கள். நீலம் கலந்த வெண்மையாய் ஒன்று பளிச்சென்று நிற்கும். அதுதான் வேகா. தூசி கண்ணுக்குத் தெரியாது.