சொந்தக் காலில் நிற்கும் வயது

சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஆலயங்களைப் பற்றியும் சங்கங்களைப் பற்றியும் பள்ளிகள், இதழ்கள் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். பெற்றோரை இழந்த சிறாரின் கதையோ, பெற்றோர் இருந்தும் அவர்தம் நிழலில் வளர வாய்ப்பற்றுப் போனவரின் கதையோ அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. அதிலும், பிறரது பராமரிப்பில் வளர்ந்த அச்சிறுவர் மீசை அரும்பும் பருவத்தை எய்தியபின் எங்கே சென்றனர், யாருடைய துணையோடு உலகிற்குள் நுழைந்தனர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. ஏழைப் பிள்ளைக்குச் சோறிடுவதை அறமென்று போற்றுகின்ற நாம், அவன் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ளும் நாள்வரை உடன் நடப்பதை அத்துணைப் பெரிதாக எண்ணுவதில்லை.

எனினும், வளரும் பையனைப் படிப்படியாகத் தனித்து வாழப் பழக்கும் முறையைத் தமிழர் அறியாதவரல்லர். சிங்கப்பூர் ஆற்றங்கரையை அடுத்த மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் பல இருந்தன. செட்டிநாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்த இளைஞர் அங்கே பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்தனர். ஏவிய வேலைகளைச் செய்தனர். வட்டிக் கணக்கை வாய்ப்பாடாக மனத்தில் ஏற்றினர். பெரியவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்றனர். பின்னர் அடுத்தாளாகி, அதன்பின் மேலாளாகிக் கடையின் பொறுப்பையே ஏற்றனர். படுக்கை, உணவு, வேலை, கண்காணிப்பு யாவும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பையன் வளர வளரக் கண்காணிப்பின் பிடி தளர்ந்தது, பொறுப்பின் சுமை கூடியது. தவறு செய்தால் கண்டிப்பதற்கும் நோயுற்றால் கவனிப்பதற்கும் ஆள் இருந்தனர். இவர்கள் ஆதரவற்றோர் அல்லர் என்பது உண்மையே. ஊரில் தாய் தந்தையரும், கடல் தாண்டி வந்த இடத்திலும் உற்றாரும் இவர்களுக்கு இருந்தனர். உறவின் வலிமையினாலேயே அம்முறை நிலைத்தது. உறவே இல்லாதவனுக்கு அப்படியொரு கிட்டங்கியை யார் அமைத்துத் தருவது?

இரண்டாம் உலகப்போர் இவ்வினாவை மிகக் கொடிய வடிவில் எழுப்பியது. ஜப்பானியர் 1942 முதல் 1943 வரை அமைத்த சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவும் பட்டினியும் பல்லாயிரவரைக் காட்டிலேயே மாய்த்தன. தந்தையர் திரும்பாத வீடுகளில் பிள்ளைகள் எஞ்சினர். சிங்கப்பூரிலோ அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கை உண்டு நாள் கழித்த காலம் அது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மிஷன் அப்போது இயங்கி வந்தது. 1928இல் சிங்கப்பூரில் தோன்றிய அந்நிறுவனம் போருக்கு முன்னரே தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்விப் பணி ஆற்றி வந்ததாகும். சுவாமி பாஸ்வரானந்தர் பொறுப்பில் இருந்த அக்காலத்தில், ஆதரவற்ற சிறார்க்கு அங்கே அடைக்கலம் கிடைத்தது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இரவு வேளைகளில் தியானத்திற்காக அங்கு வந்து சென்றதை அவருடன் இருந்தோர் எழுதி வைத்துள்ளனர். வரலாற்று நூல்கள் அந்த வருகையை மறவாமல் குறிக்கின்றன. அதே கட்டடத்தில் உறங்கிய பிள்ளைகளைக் குறிப்பது அரிது! போருக்குப்பின் சிறுவர் இல்லம் பார்ட்லி சாலையில் நிலைபெற்றது. இன்றளவும் அது இன, சமய வேறுபாடின்றிச் சிறுவரை ஏற்று வளர்த்து வருகிறது.

போர் முடிந்த ஆண்டுகளில் அரசும் விழித்துக்கொண்டது. சமூக நல இலாகா 1946இல் தோன்றியது. சிறுவர், இளையர் சட்டம் 1949இல் இயற்றப்பட்டது. இடையே 1948இல், கத்தோலிக்க சபைச் சகோதரர்கள் புக்கிட் தீமாவில் பாய்ஸ் டவுன் இல்லத்தைத் தொடங்கினர். கைத்தொழில் ஒன்றைக் கற்றவனே தலைநிமிர்ந்து வெளியேற முடியும் என்பதை உணர்ந்து, அவ்வில்லம் தொழிற்பயிற்சிக்கு முதலிடம் தந்தது. பின்னர் 1956இல் வளர்ப்புக் குடும்பத் திட்டம் வந்தது. நிறுவனத்தின் நீண்ட கூடத்தைவிட ஒரு குடும்பத்தின் சிறிய அறையே பிள்ளைக்கு ஏற்றது என்ற எண்ணம் அதன் அடிப்படை. அது நல்ல எண்ணமே. ஆனால் குடும்பத்தில் வளர்ந்தாலும் கூடத்தில் வளர்ந்தாலும் ஒருநாள் வெளியேறித்தான் ஆகவேண்டும். அந்நாளுக்கான ஆயத்தம் எங்கே தொடங்குகிறது?

அது மிகச் சிறிய செயல்களில் தொடங்குகிறது. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு மணியடித்தால் உணவு வரும். அரிசி என்ன விலை என்பது தெரியாது. மின்கட்டணச் சீட்டைக் கண்டிரான். மருத்துவரிடம் தனியே சென்று தன் நோயைச் சொல்லியிரான். வங்கிக் கணக்கு, வாடகை, பேருந்து வழி, முதலாளியிடம் விடுப்புக் கேட்கும் முறை ஆகிய இவற்றையெல்லாம் மற்றப் பிள்ளைகள் தாய் தந்தையரைப் பார்த்தே அறிந்துகொள்கின்றனர். பார்த்து அறிய வாய்ப்பில்லாதவனுக்கு இவற்றைப் பாடமாகவே கற்பிக்க வேண்டியுள்ளது. ஆசிரியப் பணியில் உள்ளோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு: கரும்பலகையில் நீச்சல் கற்பிக்க இயலாது. ஆகவேதான், பதினாறு பதினேழு வயதினரைச் சிறு குழுவாக ஒரு வீட்டில் குடியமர்த்தி, சமையலையும் செலவுக் கணக்கையும் அவர்களிடமே விட்டு, பொறுப்பான பெரியவர் ஒருவர் அருகிருந்து கவனிக்கும் முறை பல நாடுகளில் உருவாயிற்று. முதல் மாதச் சம்பளம் மூன்றே நாளில் தீர்ந்து போகலாம். அந்தத் தவறு கண்காணிப்பு உள்ளபோதே நிகழ்வது நல்லது.

பிரிட்டனில் இச்சிந்தனைக்கு ஒரு துயரமே தூண்டுகோலாயிற்று. 1945இல் வளர்ப்பு இல்லமொன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கொடுமைக்கு ஆளாகி இறந்தான். நாடே அதிர்ந்தது. அதையொட்டிய விசாரணைகளின் பின்னர் 1948இல் பிறந்த சிறுவர் சட்டம், பள்ளி வயதைக் கடந்த இளையர்க்கு 21 வயதுவரை, வேலையிடத்திற்கு அருகே தங்குமிடம் அளிக்க உள்ளூராட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. பராமரிப்பிலிருந்து வெளியேறுவோர்க்கென்றே தனிச்சட்டம் அங்கு 2000இல்தான் வந்தது. அமெரிக்காவில் 1999இலும், இந்தியாவில் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்திலும் இதற்கான ஏற்பாடுகள் இடம்பெற்றன. சிங்கப்பூரில் பராமரிப்பு, பாதுகாப்புக்கான வயதெல்லை நெடுங்காலம் பதினாறாகவே இருந்தது. 2019இல் நிறைவேறிய திருத்தம் 2020இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் பதினெட்டுக்குட்பட்டோர் யாவரும் அதனுள் வந்தனர்.

பதினெட்டு வயது ஆண்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேறொரு வாசலும் திறக்கிறது. 1967 முதல் தேசிய சேவை கட்டாயமாக உள்ளது. ஈராண்டுக் காலம் உணவும் உடையும் படுக்கையும் ஒழுங்கும் பாசறையில் கிடைக்கின்றன. ஒருவகையில் அது இல்லத்து வாழ்வின் நீட்சியே. ஆனால் வார இறுதி விடுப்பில் மற்றவர் அழுக்குத்துணி மூட்டையோடு தாய்வீடு செல்லும்போது இவன் செல்லுமிடம் எது என்பதைப் பாசறை தீர்மானிப்பதில்லை. வளர்த்த இல்லத்திலோ வளர்ப்புத் தாயின் வீட்டிலோ அவனுக்கென ஒரு பாய் விரிக்கப்படுமாயின், அவன் பெற்ற பேறு பெரிது.

சேவை முடிந்தபின் வீட்டுச் சிக்கல் எழுகிறது. தனித்து வாழும் குடிமகன் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்க 35 வயது ஆகவேண்டும். பெற்றோரை இழந்தவர்க்கு, உரிய நிபந்தனைகளுக்குட்பட்டு, 21 வயதிலேயே அவ்வாய்ப்பு உண்டு. இது பரிவுள்ள ஏற்பாடுதான். ஆயினும், இன்று வளர்ப்புக் குடும்பங்களிலும் இல்லங்களிலும் உள்ள பிள்ளைகள் எல்லாரும் போர்க்காலத்துப் பிள்ளைகளைப் போலப் பெற்றோரை இழந்தவரல்லர். சிறையிலோ நோயிலோ போதையிலோ சிக்கிய தந்தையும் தாயும் உயிருடன் இருக்கின்றனர். அந்தப் பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பவியலாத இளைஞன் ஆவணங்களின்படி ஆதரவற்றவன் அல்லன். இருபத்தொன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளை அவன் வாடகை அறைகளிலும் நண்பர் வீட்டுக் கூடங்களிலும் கழிக்க வேண்டியவனாகிறான்.