ஒரே கேசட்டில் 6 மணி நேரம்

ஒரு முழுத் திரைப்படம் ஒரே கேசட்டில் அடங்க வேண்டும். ஜே.வி.சி. நிறுவனத்தின் ஷிஸுவோ தகானோவும் யூமா ஷிராய்ஷியும் வீட்டுக்கான வீடியோ ரெக்கார்டரை வடிவமைக்கத் தொடங்கியபோது எழுதி வைத்த தேவைகளில் இதுவும் ஒன்று. 1976 செப்டம்பரில் அவர்களுடைய வி.எச்.எஸ். கருவி ஜப்பானில் அறிமுகமானது. அதன் கேசட்டில் 2 மணி நேரம் பதியலாம். ஓராண்டு முந்திக்கொண்டு வந்திருந்த சோனியின் பீட்டாமேக்ஸில் 1 மணி நேரம்தான்.

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு 2 மணி நேரமும் போதவில்லை. அங்கே ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் ஒளிபரப்பு முடியவே 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர்கள் கேட்டதற்காக ஜே.வி.சி.யின் தாய் நிறுவனமான மட்சுஷிதா டேப்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தது. 1977-ல் எல்.பி. என்ற 4 மணி நேரப் பதிவு வந்தது. படத்தின் தரம் கெடும் என்று ஜே.வி.சி. தரப்புக்கு இதில் மனத்தாங்கல். ஆனால் வாங்குகிறவர்களுக்கு நேரம்தான் பெரிதாக இருந்தது. அடுத்து வேகம் மூன்றில் ஒரு பங்காகி, இ.பி. என்ற 6 மணி நேரப் பதிவும் வந்துவிட்டது.

வேகத்தை மாற்றும் சின்னச் சுவிட்சைத் தள்ளினால் உள்ளே என்ன நடந்தது? 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று நிமிடத்துக்கு 1,800 முறை சுழலும். அதில் பதித்த ஹெட்டுகள், உரசிச் செல்லும் டேப்பில் சாய்வான கோடுகளாகப் படத்தை எழுதும். எஸ்.பி. என்ற 2 மணி நேரப் பதிவின் வேகத்தில் ஒரு கோட்டின் அகலம் 58 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். இ.பி.யில் அது 19 மைக்ரானாக ஒடுங்கிவிடும். கோடு மெலிந்தால் புள்ளிப் புள்ளியாய் இரைச்சல், மங்கிய நிறம், கம்மிய ஒலி. வேறொரு கருவியில் போட்டால் ஹெட் கோட்டை விட்டு விலகி, திரையின் அடியில் வெள்ளைப் பட்டை நெளியும். டிராக்கிங் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அந்தப் பட்டையைக் கீழே இறக்கி மறையச் செய்வது ஒரு கைப்பழக்கம்.

நம் ஊரில் ‘டெக்’ என்று பெயரெடுத்த ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறைக் கருவிகளில் இ-180 கேசட் எஸ்.பி.யிலேயே 3 மணி நேரம் ஓடியது. ஒரு தமிழ்ப் படத்துக்கு அது சரியான அளவு.

வேகத்தையும் டிராக்கிங்கையும் கையால் மாற்றலாம்; பிரகாசத்தின் கதை வேறு. டெக் அதை மனிதர் கையில் விடவில்லை. வரும் சமிக்ஞை வலுத்தால் குறைத்தும் இளைத்தால் கூட்டியும், பதியும் அளவை அதுவே சீராக்கிக்கொண்டது. பார்ப்பவர்கள் டி.வி.யில்தான் கூட்டிக் குறைத்தார்கள். இந்தத் தானியங்கி ஏற்பாட்டையே மேக்ரோவிஷன் என்ற பிரதித் தடுப்பு முறை பொறியாக்கியது. கண்ணுக்குத் தெரியாத வரிகளில் மிகையான ஒளித் துடிப்புகளைச் சேர்த்தார்கள். பிரதி எடுக்கும் டெக் ஏமாந்து பிரகாசத்தைக் கண்டபடி ஏற்றி இறக்கும். பிரதியில் படம் இருண்டும் வெளிறியும் அலைபாயும். 1985-ல் ‘தி காட்டன் கிளப்’ படத்தின் கேசட்டில் இது முதலில் வந்தது.

தரத்தை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கியது பிழையா? ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த மரியன் ஸ்டோக்ஸை நினைத்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளான 1979 முதல், அவர் வீட்டில் இரவு பகலாகத் தொலைக்காட்சிச் செய்திகள் பதிவாயின. பல டெக்குகள் ஒரே சமயத்தில் ஓடும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டார் அறை அறையாகப் போய்க் கேசட் மாற்றுவார்கள். வெளியே போனாலும் அதற்குள் திரும்பியாக வேண்டும். சேர்ந்தவை சுமார் 70,000 கேசட்டுகள். தொலைக்காட்சி நிலையங்களே பழைய டேப்பை அழித்து அதன்மேல் புதிதாகப் பதிந்துகொண்டிருந்த ஆண்டுகளும் அவற்றில் அடங்கும். அந்த மங்கிய படங்களுக்கு ஈடாக எதைச் சொல்ல முடியும்?

2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. அதுதான் கடைசிப் பதிவு. கேசட்டுகள் பின்னர் இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பிடம் போய்ச் சேர்ந்தன.